சபைக் கொடியின் கம்பு

ஜூன் 12, திங்கள்

காலைப் பூசை முடிந்ததும் மாதா சபைக் கூட்டம். திருவிழா ஊர்வலத்துக்குப் பழைய மரக்கம்புகள் வேண்டாம், ஸ்டீல் பைப் வாங்கிவிடலாம் என்று தீர்மானம். எதிர்த்தவள் நான் ஒருத்தி. ஆதரித்தவர்கள் பதினான்கு பேர். தீர்மானத்தில் இருந்த மூன்று எழுத்துப் பிழைகளை அவர்களில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். திருத்தியும் கொடுத்தேன். தோற்றவள் திருத்திக் கொடுத்தால் யாருக்கும் பிடிப்பதில்லை.

பழைய கம்புகளைக் கோவில் பின்வாசலில் கட்டி வைத்திருந்தார்கள், பழைய சாமான் கடைக்காரனுக்காக. அவற்றில் குட்டையானதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பங்குச்சாமியாரிடம் கேட்டேன். "எடுத்துக்கோங்க அம்மா" என்றார். வாய் வார்த்தை போதாது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஏன் அதை மட்டும் என்றால், எடை. கொடிக்கம்பு என்றால் எடை ஒரே சீராக இருக்க வேண்டும். இது அடியில் கனத்து, மேலே போகப் போகச் சன்னமாகிறது. சந்தேகம் வந்தது. அவ்வளவுதான்.

வீட்டில் ஸ்டெல்லா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். என் கணவரின் தங்கை. அவர் போன பிறகு நான்கு வருடமாக என்னோடு இருக்கிறாள், அல்லது நான் அவளோடு இருக்கிறேன்.

"என்ன மைனி, நாய் வெரட்டவா?"

"ஆராய்ச்சிக்கு."

"கம்புல என்ன ஆராய்ச்சி பண்ணுதிய?"

சாளை மீன் வாங்கியிருந்தாள். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 14, புதன்

பெயின்ட் ரிமூவர் வாங்கினேன். கடைக்காரன் தகரத்தால் சுரண்டச் சொன்னான். தகரம் மரத்தைக் கீறும். என் கணவர் பெனடிக்ட்டின் காலாவதியான ஏடிஎம் அட்டை அலமாரியில் இருந்தது. அதன் ஓரம் சரியாகப் பொருந்துகிறது. நான்கு வருடமாக அதை ஏன் வைத்திருந்தேன் என்று ஸ்டெல்லா கேட்டாள். இதற்காகத்தான் என்றேன்.

மேலே வெள்ளிப் பெயின்ட். அதற்குக் கீழே நீலம். அதற்கும் கீழே மறுபடி வெள்ளி. ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் ஆடாமல் அசையாமல் இருக்கும் எதற்கும் பெயின்ட் அடிப்பது நம் கோவில் வழக்கம். ஒரு முறை மெழுகுவர்த்தித் தாங்கியோடு சேர்த்து மெழுகுவர்த்திக்கும் அடித்திருக்கிறார்கள்.

மாலைக்குள் ஒரு சாண் நீளம் முடித்தேன்.

ஜூன் 15, வியாழன்

இடுப்பு வலி. அரைச் சாண்.

ஜூன் 19, திங்கள்

சந்தேகம் தீர்ந்தது. இது கம்பு அல்ல, பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தை அடிக்கும் கியூ.

மேல்பாதி ஆஷ் மரம். இந்த ஊரில் விளையாத மரம். ரேகைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அம்பு முனை போல ஓடுகின்றன. அடிப்பாதி கருங்காலி. இரண்டும் சேரும் இடத்தில் கருங்காலி நான்கு நாக்குகளாக ஆஷ் மரத்துக்குள் ஏறுகிறது. நாக்கின் நுனிகள் ஊசியாக இல்லை, சற்றே உருண்டிருக்கின்றன. இயந்திரத்தில் வெட்டினால் ஊசி. கையால் இழைத்து ஒட்டினால்தான் இந்த உருட்டு. நுனியில் பித்தளைப் பூண் இருக்கிறது. அதன் மேல் இருக்க வேண்டிய தோல் முனை போய்விட்டது. கொடி கட்டுவதற்காகப் பூணுக்கு ஒரு முழம் கீழே யாரோ ஆணி அடித்திருக்கிறார்கள்.

அடிப்பக்கத்தில், கருங்காலியைத் தட்டையாகச் செதுக்கிய இடத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பள்ளம். பெயின்டர்கள் பூசும் மக்கு வைத்து அடைத்திருந்தது. மக்கை எடுத்ததும் இரண்டு குண்டூசித் துளைகள் தெரிந்தன. பெயர்த் தகடு இருந்த இடம். தகட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, "இதெல்லாம் ஒங்களுக்கு எப்படி மைனி தெரியும்?" என்றாள்.

கான்வென்ட்டில் படித்தவர்களுக்குப் பல விஷயம் தெரியும் என்றேன்.

"பாளையங்கோட்டை சிஸ்டர்மாரு பில்லியர்ட்ஸும் சொல்லிக் குடுத்தாவளோ!"

ஜூன் 23, வெள்ளி

தோல் முனை எங்கே கிடைக்கும் என்று விசாரித்ததில், மொபைல் கடைக்கு மேலே ஒரு ஸ்நூக்கர் பார்லர் இருப்பதாகத் தெரிந்தது. முப்பத்திரண்டு படிகள். கைப்பிடி கிடையாது.

உள்ளே முதலாளி கல்லாவில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் இசக்கிராஜ். என் வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"பேரனத் தேடி வந்தியளா பாட்டியம்மா? சத்தியமா ஸ்கூல் பிள்ளையள நான் உள்ள விடுததில்ல."

"பத்து மில்லிமீட்டர் தோல் முனை இருக்கா?"

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

சுற்றிப் பார்த்தேன். ஒரு டஜன் கியூக்களைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். சாய்த்து வைத்தால் வளையும், தொங்கவிடவோ நிமிர்த்தித் தாங்கியில் நிறுத்தவோ வேண்டும் என்றேன். "எல்லா ஸ்டிக்கும் ஏற்கெனவே வளஞ்சிட்டு பாட்டியம்மா" என்றார். ஸ்டிக் என்பது நாயை அடிக்க, இதன் பெயர் கியூ என்றேன். அந்த மனிதர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார்.

ஜூன் 27, செவ்வாய்

ஒரு விசித்திரம். வெள்ளி, நீலம், வெள்ளி என்ற மேல் பூச்சுகளுக்குக் கீழே, ஒவ்வொரு பூச்சுக்கும் அடியில் சிவப்பு ப்ரைமர் வருகிறது. தோணிக்கு அடிக்கும் ப்ரைமர். உப்புக் காற்று உள்ளே போகாது. மற்ற கம்புகள் எல்லாம் செல்லரித்துக் கிடக்க, இது மட்டும் கல் மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான். ரிமூவர் இரண்டு மடங்கு செலவாகிறது.

சபையில் நம் வீட்டைத் தவிர யாரிடமும் தோணிப் பெயின்ட் இருந்ததில்லையே, எப்படி வந்தது என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவள் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

ஜூலை 3, திங்கள்

இசக்கிராஜ் தன் மேசையில் கியூவை உருட்டிப் பார்க்க விட்டார். பச்சைத் துணியின் மேல் அது சத்தமில்லாமல் உருண்டு போனது. ஒரு துள்ளல் இல்லை, ஒரு நெளிவு இல்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள்.

"எத்தன வருசத்து ஐட்டம் பாட்டியம்மா?"

"அறுபத்தஞ்சு."

"எப்படித் தெரியும்?"

"மதிப்பீடு" என்றேன்.

ஆணித் துளையை அடைக்க மெழுகு போதும் என்றார் ஒருவர். இசக்கிராஜ் அவரை முறைத்துவிட்டு, உடைந்த பழைய கியூ ஒன்றிலிருந்து ஆஷ் மரச் சிம்பு சீவிக் கொடுத்தார். ரேகை ஒரே திசையில் வரும்படி நானே பொருத்தி ஒட்டினேன். பிறகு அவர் நல்லெண்ணத்தோடு உப்புத்தாள் எடுத்து வந்தார். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கியது மரியாதையான செயல் அல்ல. ஆனால் உப்புத்தாள் பட்டால் மரத்தின் தேன் நிறம் போய்விடும். அந்த நிறம் ஒரு கை பல வருடம் பட்டுப் பட்டு வந்தது, கடையில் விற்பதில்லை.

ஜூலை 8, சனி

டெரன்ஸ் வில்லவராயர் வந்திருந்தான். நம் ஊர் மன்னார் கிளப்பின் செயலாளர். அவனை எனக்கு ஞானஸ்நான நாளிலிருந்து தெரியும் என்பதால் அறுபது வயதானாலும் அவன்தான். செய்தி ஊருக்குள் பரவிவிட்டது.

அவன் சொன்னது இது. 1957இல் கொழும்பிலிருந்து ஒரு குழு கப்பலில் வந்து கிளப்போடு பில்லியர்ட்ஸ் ஆடியது. கடைசி ஆட்டத்தில் அவன் தாத்தா ஜே. எக்ஸ். வில்லவராயர், கெல்லர் என்ற கொழும்பு டாக்டரைத் தோற்கடித்தார். கிளப்பின் பலகையில் தாத்தா பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. மறு வருடம் அந்த டாக்டர் வென்றவருக்குப் பரிசாக ஒரு கியூ அனுப்பினார். அது எப்படியோ காணாமல் போனது.

"அந்தக் கியூ இதுதான் ஆன்ட்டி. சந்தேகமே இல்ல. அடுத்த மாசம் நூற்றாண்டு விழா. கண்ணாடிப் பெட்டி செஞ்சாச்சு. தாத்தா படத்துக்குக் கீழ வைக்கப் போறோம். கண்டுபிடிச்சு சரி பண்ணினது திருமதி ரெஜினா மொராயிஸ்னு கார்டுல போடுவோம். ஒங்களுக்கு முன்வரிசையில கலெக்டர் பக்கத்துல சீட்டு."

பார்க்கலாம் என்றேன்.

கிளம்பும்போது கேட்டான். "ஒங்க அப்பாவும் நம்ம கிளப்லதான இருந்தாங்க? என்னவா இருந்தாங்க ஆன்ட்டி?"

"அந்தக் காலத்துல எல்லாரும் எல்லா வேலையும் பாத்தாங்க" என்றேன்.

அவன் போன பிறகு காபி டம்ளர்களை நானே கழுவினேன். ஸ்டெல்லா ஹாலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் இயல்பு அல்ல.

ஜூலை 11, செவ்வாய்

கருங்காலிக்கு ஆளிவிதை எண்ணெய், முதல் பூச்சு. துணியில் நான்கு சொட்டு போதும். உள்ளங்கை சுடும்வரை தேய்க்க வேண்டும்.

ஜூலை 13, வியாழன்

டெரன்ஸ் போன் செய்தான். கார்டு அச்சுக்குப் போக வேண்டுமாம். ஞாயிறு கழித்துச் சொல்கிறேன் என்றேன்.

கலெக்டர் பக்கத்து நாற்காலி. எழுபத்தேழு வயதில் ஒரு வார்த்தையும் பேசாமல் கிடைக்கக்கூடிய மரியாதை. பேசாமல் இருப்பது எனக்குக் கடினமான காரியம் அல்ல. பழக்கம் இருக்கிறது.

ஜூலை 16, ஞாயிறு

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டெல்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மைனி, அந்தச் சிவப்பு பெயின்ட் அண்ணன் குடுத்தது."

"எதுக்கு?"

"வருசா வருசம் தோணிக்கு வாங்குததுல ஒரு சின்ன டப்பா ஒதுக்கி வைப்பாரு. கோவில்ல பெயின்ட் அடிக்க கோவில் பிள்ளைகிட்ட குடுத்து, குட்டக் கம்புக்கு மட்டும் இத அடிச்சிட்டு மேல வெள்ளி அடிங்கம்பாரு. நாந்தான் கொண்டு போயிக் குடுப்பேன்."

என் கையில் எண்ணெய்த் துணி இருந்தது. கீழே வைத்தேன்.

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"என்ன மைனி கேக்கிய! அம்பத்தேழுல அந்த ஆட்டத்த கிளப் சன்னல்ல தொங்கிக்கிட்டுப் பாத்தவருலா அண்ணன்! வில்லவராயருக்குக் கை பிசகிட்டு, மார்க்கர் சூசையப்பா எறங்கி ஆடுனாரு. டாக்டர் வெளுத்துப் போயிட்டாருன்னு இந்த வீட்டுல எத்தன தடவ சொல்லியிருக்காரு, நீங்க இல்லாதப்போ. அந்தக் கியூ ஒங்க வீட்டு முன்னறையில தொங்குனதையும் வாசல்லருந்து பாத்திருக்காரு, கொடி கட்டுன கம்பப் பாத்ததுமே கண்டுகிட்டாரு. ஒங்களப் பொண்ணு கேக்கும்போது எங்க அம்மைக்குப் பிடிக்கல. கட்டுனா அந்த மார்க்கர் மகளத்தான் கட்டுவேன்னு அண்ணன் ஒத்தக்கால்ல நின்னாரு."

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே."

"நீங்களா சொல்லுவியன்னு இருந்தாரு. நீங்கதான் வாயத் தொறக்கலியே."

கான்வென்ட்டில் ஒரு விதி உண்டு. நோட்டில் எழுதிய தவறை அடித்து மறைக்கக் கூடாது. அது அப்படியே இருக்க வேண்டும், அடுத்த வரியில் சரியானதை எழுத வேண்டும். ஜூன் 19 அன்று "தகட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள்" என்று எழுதினேன்.

தகட்டைக் கழற்றியது நான்.

என் அப்பா மன்னார் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கர். உறுப்பினர்கள் ஆடும்போது பக்கத்தில் நின்று புள்ளி சொல்வது, பந்து எடுத்து வைப்பது, கியூவுக்குச் சாக்குக்கட்டி தடவிக் கொடுப்பது, துணியைத் துலக்குவது. அது அவர் வேலை. அந்த ஒரு மாலை மட்டும் உறுப்பினர் பெயரில் ஆடினார், வென்றார், மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் மேசையைத் துலக்கினார். டாக்டர் அனுப்பிய கியூ அப்பா பெயருக்கு எங்கள் வீட்டு விலாசத்துக்கே வந்தது. பார்சலை நான்தான் பிரித்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வருடம் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். மரத்தின் பெயர், நாக்கின் உருட்டு எல்லாம் எந்தச் சிஸ்டரும் சொல்லித் தந்ததல்ல.

அப்பா இறந்து மூன்றாம் மாதம் மொராயிஸ் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. தோணி வைத்திருந்த குடும்பம். "அப்பா கிளப்பில் இருந்தார்" என்று மாமா சொல்லி வைத்திருந்தார். கியூ முன்னறைச் சுவரில் தொங்கியது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மதியம் காய் நறுக்கும் கத்தியால் தகட்டைப் பெயர்த்தேன். மக்கு வைத்தேன். கோவில் மெழுகுவர்த்தித் தாங்கிக்கு அடித்து மிஞ்சியிருந்த வெள்ளிப் பெயின்ட்டை அடித்தேன். மாதா சபைக்குக் கொடிக்கம்பு காணிக்கை என்று கொடுத்தேன். என்ன பக்தி இந்தப் பெண்ணுக்கு என்று கான்வென்ட் மதர் பாராட்டினார். அம்மா சுவரில் இருந்த இரண்டு ஆணிகளையும் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போனார்.

பிறகு ஐம்பத்தேழு ஊர்வலங்களில் அந்தக் கொடியை வேறு யாரும் பிடிக்க நான் விட்டதில்லை.

தகடு என் பீரோவில், பெனடிக்ட்டின் கைக்கடிகாரப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. பித்தளை. ஆங்கிலத்தில் இப்படிப் பொறித்திருக்கிறது: "எல். சூசை, மார்க்கர். என்னை நேர்மையாக வென்றவருக்கு. ஈ. கெல்லர், கொழும்பு." நான் மறைக்க நினைத்த அந்த ஒரு வார்த்தையைத்தான் டாக்டர் மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்.

ஜூலை 17, திங்கள்

தகட்டை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் துலக்கினேன். பள்ளத்தில் வைத்தேன். மயிரிழை கூட இடைவெளி இல்லை. இரண்டு குண்டூசிகளையும் இசக்கிராஜ் அடித்துக் கொடுத்தார். அடிப்பதற்கு முன்னால் தகட்டை வாசித்துவிட்டு, "யார் பாட்டியம்மா இது?" என்றார்.

"எங்க அப்பா."

ஐம்பத்தேழு வருடமாக வாயில் வராத வார்த்தை, மொபைல் கடை மாடியில் எட்டுப் பேர் நடுவில் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. தோல் முனையையும் அங்கேயே ஒட்டினோம். இசக்கிராஜ் ஒரு பந்தை வைத்து, "அடிச்சுப் பாருங்க" என்றார். நான் அடிக்கத் தெரிந்தவள் அல்ல. அவரையே அடிக்கச் சொன்னேன். பந்து எதிர்மூலைப் பைக்குள் போய் விழுந்த சத்தத்தில் எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தியதாக ஸ்டெல்லாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மிகைப்படுத்தல்.

ஜூலை 20, வியாழன்

கிளப் நிர்வாகக் குழு. நீள மேசை, ஐந்து ஆண்கள். கியூவைத் துணியிலிருந்து எடுத்து டெரன்ஸ் முன்னால் வைத்தேன். தகடு மேலே இருக்கும்படி.

வாசித்தான். மறுபடி வாசித்தான். காது சிவந்தது.

"ஆன்ட்டி, பலகையில தாத்தா பேருலா இருக்கு."

"இருக்கட்டும். ஆட்டம் அவர் பேருலதான் நடந்துச்சு. ஆடினது எங்க அப்பா."

குழுவில் வயதான ஒருவர், உப்பளம் வைத்திருப்பவர், மெல்லச் சொன்னார். "டெரன்ஸு, எங்க ஐயாவும் அப்படித்தான் சொல்லுவாரு. ஒங்க தாத்தா கையில கட்டோட ஒக்காந்து கைதட்டுன மொத ஆளாம்."

டெரன்ஸ் கெட்டவன் அல்ல. பிறகு ஒரு வழி சொன்னான். "சரி ஆன்ட்டி. கார்டுல ஒங்க அப்பா பேரையே போடுதோம். தொழில் மட்டும் 'கிளப் அலுவலர்'னு போடலாமா? ஒங்களுக்கும் கௌரவம். மார்க்கர்னா இந்தக் காலத்துல யாருக்குப் புரியும்?"

எனக்காகத்தான் சொன்னான். ஜூன் மாதத்தில் சொல்லியிருந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டிருப்பேன்.

"மார்க்கர்" என்றேன். "புரியாதவங்க கேக்கட்டும். சொல்றதுக்கு நான் இருக்கேன்."

"பலகையிலயும் ஒரு வரி சேக்கணும்" என்றார் உப்பளக்காரர்.

"அதே தங்கம், அதே உயரத்துல எழுத்து" என்றேன். "நான் அளந்து பாப்பேன்."

"அளப்பீங்க, தெரியும்" என்றான் டெரன்ஸ். ஐந்து பேரும் சிரித்தார்கள். கை உயர்த்தினார்கள். ஐந்துக்கு ஐந்து.

ஆகஸ்ட் 5, சனி

திருவிழா. கொடி ஸ்டீல் பைப்பில். கை சுட்டது. இந்த முறை ஸ்டெல்லாவைப் பிடிக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பலகையை அளந்து பார்த்தேன். சரியாக இருக்கிறது. சூசையில் உள்ள ஐகாரக் கொம்பு மட்டும் சற்றுச் சாய்ந்திருந்தது. பெயின்டரை மறுபடி ஏணியில் ஏற்றினேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நூற்றாண்டு விழா. கலெக்டர் பக்கத்து நாற்காலி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே ஸ்டெல்லா உட்கார்ந்து, கலெக்டரிடம் அண்ணன் சன்னலில் தொங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இசக்கிராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, பெட்டியில் கியூ நிமிர்ந்து நிற்கிறதா என்று நான்கு பக்கமும் பார்த்தார்.

நான் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. கார்டில்: எல். சூசை, மார்க்கர், மன்னார் கிளப்.

மார்க்கர் என்றால் என்ன என்று ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேருக்கும் முழுதாகச் சொன்னேன். கியூவுக்குச் சாக்குக்கட்டி தடவிக் கொடுத்ததிலிருந்து, மறுநாள் காலை ஆறு மணிக்குத் துணி துலக்கியது வரை. அவர் மகள் நான் என்றும் சொன்னேன்.

எட்டாவதாக வந்தவர் கார்டை வாசித்துவிட்டு, எதுவும் கேட்காமல் சாப்பாட்டுப் பக்கம் போகத் திரும்பினார். கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன்.